தண்ணீருக்கு மேலே ஒரு கட்டைவிரல்

என் மனைவியின் அண்ணனிடம் இதுவரை மூன்று முறை அடி வாங்கியிருக்கிறேன். மூன்று முறையும் நான் ஓடவில்லை என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். முதல் முறை கதவு தாழிட்டிருந்தது, தாழ்ப்பாளுக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். இரண்டாவது முறை நான் மார்பளவுத் தண்ணீரில் இருந்தேன். மூன்றாவது முறைதான் ஓடுவதற்கு நாலு பக்கமும் இடமிருந்தது. அப்போது என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

முதல் அடி இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், உப்பளம் என்கிற பேட்டையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் குடியேறிய நான்காம் நாள். நான் கத்தோலிக்கப் பையன், தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டுகிறவன். அவள் காலாப்பட்டுக்கு மேற்கே வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற இந்துக் குடும்பத்துப் பெண். ஆளுக்கொரு சாமியோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மச்சான் ஆள் கூட்டி வரவில்லை, தனியாக வந்தார். அவர் உள்ளங்கை என் முகத்தைவிட அகலம். சும்மா சொல்லவில்லை, அளவெடுப்பது என் தொழில். சோறு பொங்கி வடிக்கிற நேரம் வரைக்கும் அடித்தார். முன்பல் ஒன்று போனது. ஆனால் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டார். உறவை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று, பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நான் குடித்தேன். எங்கள் ஊரில் குடிப்பதற்கு முயற்சி எதுவும் தேவையில்லை. குடிக்காமல் பட்டறையிலிருந்து வீடு வந்து சேருவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் சிரிக்க எதுவும் இல்லை. நானும் முயன்று பார்த்துவிட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், குழம்பில் உப்பு இல்லை என்றோ உப்பு அதிகம் என்றோ அவளை அறைந்தேன். வலது கை, அவளுடைய இடது காது. அந்தக் காது அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அண்ணனிடமும் அதையேதான் சொன்னாள். காதுக்கு மருந்து போட்ட நர்ஸ் அக்கா, சீட்டை என் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

“உங்க வூட்டு பாத்ரூமுக்கு அஞ்சு விரலு இருக்கா தம்பி?”

சீட்டை வாங்கி மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை எதுவும் இல்லையென்றால் ஓர் இடத்துக்கு வா என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி ஹால். நான் பயத்தில்தான் போனேன். போகாவிட்டால் அந்த அக்கா போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இப்படித்தான் நான் மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைக்காரன் ஆனேன். ஊர் எங்களை அப்படித்தான் சொல்கிறது. சபையில் இப்போது அந்தப் பெயரை விரும்புவதில்லை, முழுப் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் போய்விடும்.

சாராயம் இல்லை, சிகரெட் இல்லை, காபி இல்லை, டீயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரு பிய்த்த ரொட்டித்துண்டு, விரல் உயரக் கப்பில் தண்ணீர். திராட்சை ரசம்கூடக் கிடையாது என்று கேள்விப்பட்ட என் சித்தப்பா, அப்புறம் எதற்கு அங்கே போகிறாய் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். மச்சானுக்கும் செய்தி போயிற்று. அவர் பட்டறைக்கே வந்து, லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தாமல், என் காதருகே குனிந்து சொன்னார்.

“நீ எந்தச் சாமிகிட்ட வேணும்னாலும் போய்ச் சேரு மாப்ள. என் தங்கச்சி மேல தண்ணி தெளிக்கக் கைய தூக்குன, அந்தக் கை ஒனக்கு இருக்காது.”

தலையாட்டினேன். அன்று ஒரு ஷாஃப்டை மூன்று நூல் குறைவாகக் கடைந்து வீணாக்கினேன்.

நான் குடிக்காத ஆறாவது வருடம். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபடியே, தானும் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். அதுவரை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். நான் ஒரு நாளும் வா என்று கூப்பிட்டதில்லை. அது பெருந்தன்மை என்று சபையில் பேர் வாங்கியிருந்தேன். மச்சான் பயம் என்பது எனக்கும் நர்ஸ் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

“ஆறு வருசமா இந்த வூட்ல ஒரு தட்டு ஒடயல,” என்றாள். “அந்தத் தண்ணியில என்னமோ இருக்கு. நானும் எறங்கிப் பாக்கறேன். நீங்கதான் முக்கணும்.”

முழுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு இது குழந்தையின் நெற்றியில் மூன்று சொட்டுத் தண்ணீரோடு முடிகிற காரியம். எங்கள் சபையில் அப்படி இல்லை. பாதிரியார் தேவையில்லை, என்னைப்போலச் சபை அதிகாரம் கொடுத்த ஆளே முக்கலாம், ஆனால் முழு ஆளும் முங்க வேண்டும். தலைமுடி நுனி, துணி ஓரம், கால் கட்டைவிரல், எது தண்ணீருக்கு மேலே தெரிந்தாலும் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து. கொடுக்கிறவர் வலது கையைச் சத்தியம் செய்வதுபோல உயர்த்தி, ஆளின் முழுப்பெயர் சொல்லி ஒரு சின்ன ஜெபம் சொல்லுவார். அதில் ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து. இரண்டு சாட்சிகள் இரண்டு பக்கமும் நின்று குனிந்து பார்ப்பார்கள். ஒரு லேத்காரனுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அளவு ஒரு நூல் தப்பினால் எங்கள் பட்டறையிலும் பீஸ் குப்பைக்குத்தான்.

ஆளை மல்லாக்கச் சாய்க்க வேண்டும். மல்லாக்கச் சாய்கிறவருக்குக் கால் தானாக மேலே வரும். அதற்கு ஒரு வழி உண்டு: கொடுக்கிறவர் தன் பாதத்தை அவர் பாதத்தின் மேல் வைத்து மிதித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்ச் சபையை நடத்துகிற கிளைத் தலைவர், ஒரு பொறுமையான மனிதர், ஹாலில் என்னை நிறுத்தி இதை மூன்று முறை செய்து காட்டினார். புரிந்தது என்று தலையாட்டினேன். நான் மிதிக்கப்போவதில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். அந்தக் காதுக்குப் பிறகு, தூங்கும்போது என் கால் அவள் மேல் பட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

மாடி ஹாலில் தொட்டி கிடையாது. சபைக்கு வருகிற ஆட்டோக்காரர் ஒருவர், காலாப்பட்டுக்கு மேற்கே சவுக்குத் தோப்புக்கு நடுவில் தனக்குத் தெரிந்தவரின் பம்புசெட் தொட்டி இருப்பதாகச் சொன்னார். மார்பளவு ஆழம், நல்ல தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை. மச்சானின் ஊர் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், மச்சான் நம்மைத் தேடுகிற கடைசி இடம் அவருடைய ஊராகத்தான் இருக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்த மூளையைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை போனோம். நாங்கள் இருவர், சாட்சிக்கு நர்ஸ் அக்காவும் ஆட்டோக்காரரும், ஆக நான்கு பேர். நான் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அவள் தானே தைத்த, கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி. நெற்றியில் குங்குமம் மட்டும் இருந்தது. முங்கினால் போய்விடும், இருக்கட்டும் என்றார் அக்கா.

முதல் தடவை ஜெபத்தின் நடுவில் வரப்புப் பக்கம் ஏதோ அசைந்தது. மாடுதான். நான் பாதி ஜெபத்தை விழுங்கிவிட்டேன். “இன்னொரு தரம்,” என்றார் அக்கா. இரண்டாவது தடவை அங்கி காற்றை வாங்கிக் குடை மாதிரி உப்பி மேலே நின்றது. “இன்னொரு தரம்,” என்றார் ஆட்டோக்காரர். மூன்றாவது தடவை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவள் வலது கால் கட்டைவிரல் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே குரலில் இன்னொரு தரம் என்றார்கள். அவள் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தாள். முதுகைத் தட்டிக்கொடுத்துச் சற்று நேரம் நின்றோம்.

அந்தச் சற்று நேரம் போதுமானதாக இருந்தது. புல்லுக்கட்டோடு போன ஒரு ஆள் வேலியோரம் நின்று இதைப் பார்த்திருக்கிறார். மச்சான் அன்றைக்கு அடுத்த தோப்பில் சவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆள் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னது எனக்குப் பிறகு தெரியவந்தது.

“ஒன் தங்கச்சிக்கு வெள்ளத்துணி கட்டி ஒன் மாப்ள தொட்டியில முக்கிக் கொல்றான். ரெண்டு பேரு எட்டிப் பாத்துக்கினு இன்னொரு தரம், இன்னொரு தரங்கறாங்க.”

எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும், அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல முடியவில்லை.

முதலில் விழுந்தவர் ஆட்டோக்காரர். பச்சைச் சவுக்குக் கட்டை முழங்காலுக்குப் பின்னால் இறங்கியது. அவர் சத்தம் போடாமல், உட்காரச் சொன்னதுபோல உட்கார்ந்தார். நர்ஸ் அக்கா குறுக்கே வந்தார். மச்சான் அவரை அடிக்கவில்லை, கதவைத் தள்ளுவதுபோல ஒரு பக்கமாகத் தள்ளினார். அக்கா கண்ணாடியோடு மண்ணில் விழுந்தார். அடுத்து மச்சான் வேட்டியோடு தொட்டிக்குள் குதித்து, என் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார்.

அன்றைக்கு முழுக்க முங்கிய ஒரே ஆள் நான்தான். முடி, துணி, இரண்டு கட்டைவிரல்கள், எதுவும் மேலே இல்லை. பார்த்துச் சொல்லத்தான் சாட்சிகள் இல்லை.

கண்ணைத் திறந்தேன். பாசி பிடித்த சிமெண்டுச் சுவர், என் மூக்கிலிருந்து போகிற குமிழ்கள், பக்கத்தில் அவளுடைய வெள்ளை அங்கியின் ஓரம். ஏற்கெனவே ஒருமுறை பாவம் கழுவப்பட்டவன் மறுபடி இப்படிச் செத்தால் அது கணக்கில் வருமா என்று ஒரு கேள்வி வந்தது. சத்தியமாக அந்த நேரத்தில் அந்தக் கேள்விதான் வந்தது. தலை மேலே வந்தது. மூச்சிழுப்பதற்குள் முகத்தில் குத்து. மூக்கு உடைந்து தண்ணீர் சிவந்தது. மறுபடியும் உள்ளே. என் மனைவி அவர் முதுகில் ஏறித் தொங்கி, தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் அதை ஈ உட்கார்ந்ததாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வாயை எடுத்துவிட்டு, அவர் காதுக்குள் கத்தினாள்.

“அவரு கொல்லலண்ணே. ஞானஸ்நானம்ண்ணே. நான்தான் கேட்டேன்.”

கை தளர்ந்தது. நான் மேலே வந்து தொட்டிச் சுவரில் தொங்கினேன். பிழைத்தேன், தப்பாகப் புரிந்துகொண்டதுதான் சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். மச்சான் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடிபட்ட தோளிலிருந்து அவருக்கும் ரத்தம் வழிந்தது.

“கொல்லப் பாத்தான்னாகூடப் பரவால்லடி,” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இதுவரை அடித்தது தப்பாகப் புரிந்துகொண்டு. அதற்குமேல் அடித்தது சரியாகப் புரிந்துகொண்டு.

“நீ உசுரோட இருக்கறப்பவே அவளுக்கு வெள்ளையக் கட்டி வுட்டுட்ட. துணிக்கு ஏத்தமாரி ஒன்ன ஆக்கிடட்டுமா மாப்ள?”

கொல்லவில்லை. என் வலது கையை எடுத்து, முன்கையைத் தொட்டிச் சுவரின் விளிம்பில் குறுக்கே வைத்து, தன் முழு எடையோடு அதன்மேல் சாய்ந்தார். சவுக்கு முறிகிற சத்தத்தை அந்தத் தோப்பில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவும் அதே சத்தம். கை, கை இருக்கிற இடத்திலேயே இருந்தது, ஆனால் வேறு திசையைப் பார்த்தது. நான் அலறினேனா என்று கேட்டால், ஜெபித்தேன் என்று சபையில் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி என்று கேட்டார். பட்டறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். கட்டிய துணியில் மண் ஒட்டிய நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழையது. “பாத்ரூம் இல்லியா இந்தத் தடவ?” என்று மட்டும் கேட்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. லேத் தூங்கியது. போலீசுக்குப் போகலாம் என்று ஆட்டோக்காரர் நொண்டிக்கொண்டே வந்து சொன்னார். நான் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன், அவர் கண்கலங்கினார். போலீசுக்குப் போனால் மச்சான் ஜாமீனில் வெளியே வருவார், வந்தால் எங்கே வருவார் என்பதுதான் என் மன்னிப்பின் அடிப்படை. ஞானஸ்நானத்துக்கு என் கைதான் வேண்டும் என்பதில்லை, ஊழியம் செய்கிற இளைஞர்களில் ஒருவர் கொடுக்கலாம், அவளையும் பாதுகாப்பாகச் சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்றார் கிளைத் தலைவர். எனக்கு இது தேவதூதன் சொன்னதுபோலிருந்தது. அவள் தலையசைத்து மறுத்தாள். கிளைத் தலைவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

“வேற ஆளு வேணாம். என் காத எடுத்த கைதானே அது. அந்தக் கைதான் தூக்கணும். அதே தொட்டியில.”

அன்றிலிருந்து என் மாவுக்கட்டு எனக்குக் கோட்டையாயிற்று. அது இருக்கும்வரை கையைத் தூக்க முடியாது. தூக்காதவரை மச்சான் வரமாட்டார். ஆறு வாரம் முடிந்து, செவ்வாய்க்கிழமை வந்து கட்டைப் பிரித்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவளிடம் சொன்னேன். உள்ளே அரித்தது, ஸ்டீல் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டேன். பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளை நினைவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் ஆழமாகச் சொறிந்தேன்.

துவைக்கப்போட்ட சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. அவள் அதைப் படித்தாள். என் டூல் பெட்டியைத் திறந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துவந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் கையைத் தன் தொடைக்கிடையில் இறுக்கி, அறுக்கத் தொடங்கினாள். மாவு பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஆடாதீங்க. ஆடுனா நரம்பு போயிடும்.”

பாதி அறுப்பதற்குள், எல்லா உண்மையும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. பயமாக இருக்கிறது என்றேன். ராத்திரியில் சவுக்குக் கட்டை கனவில் வருகிறது என்றேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பிளேடைக் கீழே வை தாயே என்றேன். அவள் வைத்தாள்.

“பயமா இருக்குதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல,” என்றாள். “எனக்கு மட்டும் இல்லியா?”

மறுநாள் என் கட்டு பிரிந்தது. அதே நாள் அவள் எனக்குச் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வலது கன்னத்தில் ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்கு மாவுக்கட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்போலிருந்தது.

எதிர்பார்த்ததைவிட நல்லபடியாகத்தான் நடந்ததாம். அண்ணனை உட்கார வைத்து, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகக் கேட்டது, வருகிற சனிக்கிழமை அதே தொட்டி என்று சொல்லியிருக்கிறாள். எப்படி முங்க வேண்டும், கட்டைவிரல் வெளியே வந்தால் செல்லாது என்பதையெல்லாம்கூட விளக்கியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். இவள் வேண்டாம் என்றாள். ஏன் என்றார். சபையில் டீ குடிப்பதில்லை என்றாள்.

“சாமிய மாத்தறன்னப்ப சும்மாதான் இருந்தாரு. டீ வேணாம்னதுக்குதான் அடிச்சாரு.”

நான் சிரித்துவிட்டேன். பொறந்த வீட்டு டீயை வேண்டாமென்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள்.

“நீ அடிக்கிற, அவரு இப்ப அடிக்கறதில்லன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.”

“இப்பன்னா?”

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். “எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை வரை நான் சாப்பிடவில்லை. உபவாசம் என்று அக்காவிடம் சொன்னேன்.

இந்த முறை அவள் அங்கியின் அடி மடிப்பைப் பிரித்து, என் பட்டறையிலிருந்து எடுத்துவந்த இரும்பு வாஷர்களைச் சுற்றிலும் வைத்துத் தைத்திருந்தாள், துணி உப்பாமல் இருக்க. நடக்கும்போது அவளிடமிருந்து சின்னதாக ஒரு சங்கிலிச் சத்தம் வந்தது. சவுக்குத் தோப்புக்குள் நாங்கள் நாலு பேரும் அந்தச் சத்தத்தோடு போனோம். ஆட்டோக்காரர் ஆட்டோவை ஸ்டார்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மச்சான் எங்களுக்கு முன்பே வந்து தொட்டிச் சுவரின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் குறுக்கே கட்டை. அதே கட்டையா என்று தெரியவில்லை, பட்டை உரிந்து வழவழப்பாக இருந்தது. யாரையும் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவரைக் கடந்து படியில் கால்வைத்து உள்ளே இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். என் கால் நடுங்கியதில் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை போயிற்று. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

வலது கையைத் தூக்கினேன். ஆறு வாரத்துக்கு மேலாகக் கட்டிலிருந்த கை. வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோபோல இருந்தது. முறிந்த இடம் மேடாகத் தெரிந்தது. அவர் அந்த மேட்டைப் பார்த்தார். ஜெபத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் வேகத்தில். அவளைச் சாய்த்தேன். முடி உள்ளே போயிற்று, முகம் போயிற்று, வாஷர்கள் அங்கியை இழுத்துக்கொண்டு போயின. பாதம் வழுக்கியது. மெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கட்டைவிரல் மெல்ல மேலே வந்து, ஒரு நொடி இருந்து, போயிற்று.

நான் பார்த்தேன். அக்கா பார்த்தார், வாயைத் திறந்தார். சுவரின்மேல் கட்டை கொஞ்சம் புரண்டது. அக்கா வாயை மூடிக்கொண்டார். ஆட்டோக்காரர் ரொம்ப அக்கறையாக ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணீர் இறங்கிய காதைத் தட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள், “முங்கிட்டனா?”

“முங்கிட்ட,” என்றேன்.

அவள் இதற்காகத்தான் அண்ணனிடம் அறை வாங்கினாள். இதற்காகத்தான் என் கை முறிந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதற்கும் பொய் சொன்னேன். கரையேறி, ஆட்டோவில் உட்கார்ந்து, வீட்டுக்கு உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர என் தலையில் அப்போது எந்தக் கடவுளும் இல்லை.

“பொய் சொல்றான்,” என்றார் மச்சான்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கட்டையால் தண்ணீரில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க. கட்டவெரலு மேல வந்துச்சு. நான் பாத்தன், இவன் பாத்தான், அந்தம்மாவும் பாத்தாங்க. என் வூட்ல ஒரு டீ வாங்கிக் குடிக்காம அறை வாங்கினு போனா இவ. அதுக்கப்புறம் அரகொறயா முக்கி அனுப்பறியா அவள? மறுபடியும் முக்கு.”

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் இடது கையைப் பிடித்துத் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

“மிதிங்க,” என்றாள்.

“முடியாதும்மா.”

“அவங்க சொல்லிக் கொடுத்தாங்க இல்ல? கால மிதிச்சாதான் நிக்கும்.”

“ஒன் மேல இனிமே கால் கை படாதுன்னு...”

“அடிக்கறது எது, மிதிக்கறது எதுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “நான் சொல்றேன். மிதிங்க.”

தண்ணீருக்கடியில் என் பாதத்தை அவள் பாதத்தின்மேல் வைத்தேன். மெட்டி என் உள்ளங்காலில் குத்தியது. கையைத் தூக்கினேன், இந்தத் தடவை மெதுவாகச் சொன்னேன், அவள் பெயரையும் அவள் அப்பா பெயரையும் மச்சானுக்குக் கேட்கும்படி சொன்னேன். சாய்த்தேன். முடி, முகம், அங்கி, வாஷர். மிதித்த பாதம் அசையவில்லை. தண்ணீர் மூடி, ஒரு நொடி தொட்டியில் யாருமே இல்லாததுபோல இருந்தது.

அவள் எழுந்தபோது முதலில் பேசியது சாட்சிகள் இல்லை. சுவரின்மேலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவும் ஆட்டோக்காரரும் சரி என்று தலையாட்டினார்கள்.

கரையேறினோம். மச்சான் கட்டையைச் சுவரிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஓட எல்லாப் பக்கமும் வழியிருந்தது, ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கையை விடவில்லை. பிடித்து வைத்திருந்தாளா, பிடித்துக்கொண்டிருந்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் என் எதிரில் நின்று, அவசரமில்லாமல், திறந்த கையால் என் இடது காதில் அறைந்தார். நான் மண்டியிட்டு விழுந்தேன். உலகம் ஒரு பக்கமாக அணைந்தது.

“இது அவ காதுக்கு,” என்றது இன்னொரு காதில் கேட்டது. பிறகு சவுக்கு மரங்களுக்கிடையே போய்விட்டார்.

நர்ஸ் அக்கா என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஜவ்வு கிழிந்திருக்கிறது, மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும் என்றார். கூடிவிட்டது.

அந்த மூன்று வாரத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவளுக்குக் கேட்கிற காது வலது காது என்பதால், வருடக்கணக்காக நான் எப்போதும் அவளுக்கு வலதுபக்கமாகத்தான் நடப்பேன். இப்போது அப்படி நடந்தால் அவள் பக்கம் இருப்பது என் கெட்டுப்போன இடது காது. நான் பேசுவது அவளுக்குக் கேட்கிறது, அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. நான் இடம் மாறினால் தலைகீழாகிறது. சபைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை, தெருவில் நின்று இதை நான் அவளுக்கு விளக்கினேன், வழக்கம்போலக் கையை ஆட்டி ஆட்டி, ஜோக்காக.

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. என்ன என்றேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து என் வலதுபக்கம் நின்றாள். இனி நான் சொல்வது அவளுக்குக் கேட்காது.

“பரவால்ல,” என்றாள். “மூணு வாரம் நீங்க கேளுங்க.”

அப்படியே நடந்தோம். அவள் நிறைய பேசினாள்.